தனித்து ஆடுவோர்க்கான வழிகாட்டி

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பல்லண்ணனுக்கு நிகரானவர் அந்த அணியில் எவரும் இல்லை. அதை அணியே ஒப்புக்கொண்டது.

ஐந்து பேர் ஓரணி, ஐந்து பேர் எதிரணி. எதிரியின் கோபுரத்தை முதலில் வீழ்த்துபவர் வென்றவர். அந்த இணைய விளையாட்டின் சட்டம் அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் பாத்திரங்களில் இருந்தது. ஆடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய பாத்திரங்கள் நூற்றுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றையும் எப்படி ஆடுவது என்று அனுபவம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் எழுதிவைத்த வழிகாட்டிகள் இணையத்தில் மலைபோல் குவிந்து கிடந்தன. அந்த மலையில் பெரும்பகுதி குப்பை.

பல்லண்ணன் முதலில் தேதியைப் பார்ப்பான். விளையாட்டை நடத்தும் நிறுவனத்தார் அவ்வப்போது பாத்திரங்களின் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் திருத்துவார்கள்; திருத்தத்துக்கு முந்திய வழிகாட்டி பழைய பேருந்து அட்டவணையைப் போன்றது, நம்பி நின்றால் வெயில்தான் மிச்சம். அடுத்து, எழுதியவர் ‘இதைச் செய்’ என்பதோடு நின்றுவிடுகிறாரா, ‘ஏன்’ என்றும் சொல்கிறாரா என்று பார்ப்பான். பிறகு, எப்போது செய்யக் கூடாது என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுவான். அந்த வரியை எழுதாதவர் தோற்றதே இல்லை, அல்லது தோற்றதை ஒப்புக்கொண்டதே இல்லை. இருவரையும் நம்பக் கூடாது என்பது அவன் கட்சி.

பல் செய்வது அவன் தொழில். பெயர் அப்படி வந்தது. பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று இடையில் நீலத்தாள் வைத்துக் கடிக்கவிட்டுப் பார்ப்பான். அந்த வாய்களுக்கு உரியவர்களை அவன் ஒருநாளும் கண்டதில்லை. அச்சுகள் பெட்டியில் வந்தன. பற்கள் பெட்டியில் போயின. பட்டறையின் ஒரே ஜன்னல் எதிர்க்கட்டடத்தின் சுவரைப் பார்த்திருந்தது. உடன் வேலை செய்பவர் ஒருவர் உண்டு. தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு அஞ்சி இருவரும் காதை அடைத்துக்கொண்டிருந்ததால், காலை வணக்கமும் மாலை விடையும் தலையசைப்பிலேயே முடிந்தன.

வீட்டில் இரண்டு அறைகள், ஒரு நாற்காலி. இன்னொன்று வாங்க வேண்டும் என்று தோன்றும்படி எவரும் வந்ததில்லை. மாலையில் அந்த நாற்காலியில் அமர்ந்து, ஹெட்போனை மாட்டி, அணியின் பேச்சறைக்குள் நுழைந்த பிறகுதான் அன்றைய நாளின் முதல் முழு வாக்கியம் அவன் வாயிலிருந்து வரும்.

“பல்லண்ணே, வந்துட்டீங்களா? பள்ளிக்கூட மணி மாதிரி வர்றீங்களே, வீட்ல திட்டறதுக்கு ஆள் இல்லையா?”

கேட்டவள் இடி. தரை ஓடுகள் விற்கும் கடையில் வேலை பார்ப்பவள். அவள் சிரித்தால் மற்ற நால்வரும் ஒலியைக் குறைக்க வேண்டியிருக்கும்.

“இல்லைங்க.”

“குடுத்துவெச்ச மனுஷன். எங்க மாமியார் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘யாரைடி வெட்டுங்கிற?’ன்னு கேக்குறாங்க. நேத்து என் வீட்டுக்காரர் பக்கத்துல உக்காரவே யோசிச்சாரு.”

“பேச்சு போதும். அஞ்சு பேரும் இருக்கோமா?” என்றாள் அணித்தலைவி. மருந்துக்கடை நடத்தும் அவளுக்கு மாத்திரை என்று பெயர். சொற்களை எண்ணித்தான் கொடுப்பாள், அவையும் பெரும்பாலும் கசக்கும். எஞ்சிய இருவர் வண்ணமீன் கடை வைத்திருக்கும் இரட்டையர். சற்று முன்னே பிறந்துவிட்டதற்காகப் பெரியவன் வாழ்நாள் முழுவதும் மரியாதை கேட்டுக்கொண்டிருந்தான்; சின்னவன் ஒருநாளும் கொடுத்ததில்லை.

இவர்கள் எல்லோரும் பல்லண்ணனைவிட இளையவர்கள். ஆயினும் அவன் எல்லோரையும் ‘நீங்க’ என்றே அழைத்தான். கேலி செய்து பார்த்துச் சலித்து விட்டுவிட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளில் அந்த அணி ஓரளவு தேறியிருந்தது என்றால் அதில் அவன் பங்கு சிறிதன்று. பொறுமையற்ற இடிக்கு, பொறுமையற்ற ஒருவர் எழுதிய வழிகாட்டியைத் தேடிக் கொடுத்தான். இரட்டையருக்கு, ஒருவன் பேச்சை ஒருவன் கேளாவிட்டாலும் ஒரு பாதையை இருவரும் காக்கும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். ஆளுக்குத் தக்கபடி அளவெடுத்துத் தைத்ததுபோல் அவை பொருந்தின. இப்போது பெரிய போட்டி ஒன்றின் தகுதிச்சுற்றுக்கு அணி பெயர் கொடுத்திருந்தது. ஐவர் பட்டியலை ஆட்டத்துக்கு முந்திய நாளில் உறுதிசெய்ய வேண்டும். பட்டியல் குறித்து ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்த வாரம் வரைக்கும்.

பல்லண்ணன் ஆடும் பாத்திரத்தின் பெயர் குடைக்காரி. கையில் ஆளுயரக் குடை ஒன்றை ஏந்திய கிழவி. அவளுக்கு வெட்டவோ சுடவோ வராது. குடையை விரித்தால் அதற்குள் நிற்பவரை மூன்று மூச்சு நேரத்துக்கு எந்த அடியும் தீண்டாது, காயமும் ஆறும். ஒருமுறை விரித்தால் மறுபடி விரிக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே, எப்போது விரிப்பது, யாருக்காக விரிப்பது என்பதே குடைக்காரியை ஆடுவதன் முழு வித்தை.

பயிற்சி ஆட்டம் ஒன்றில் அவர்கள் படுதோல்வி அடைந்த மாலையில் இடி கேட்டாள்: “நான் நடுவுல மாட்டிக்கிட்டுக் கத்தினேனே, குடை எங்கண்ணே போச்சு?”

“வர்றதுக்குள்ள நீங்க செத்துட்டீங்க.”

“நான் எப்பவுமே நீங்க வர்றதுக்குள்ளதான் செத்துடறேன். என் ராசியா, உங்க நடையா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாத்திரை சிரிக்கவில்லை. மறுநாள், கடந்த சில வாரங்களின் ஆட்டப்பதிவுகளைத் திரையில் ஓடவிட்டு ஐவரையும் பார்க்கச் சொன்னாள். மேலிருந்து பார்த்தால் ஆடுகளம் முழுவதும் ஒரு வரைபடம்போல் தெரியும்; ஒவ்வொருவரும் ஒரு நிறப்புள்ளி. பல்லண்ணன் பச்சை.

“நிறுத்துங்க. அண்ணே, இங்க எங்க நிக்கறீங்க?”

“சுவரோரம்.”

“அடுத்த பதிவு. இங்க?”

“சுவரோரம்தான்.”

“இது?”

“சுவத்துக்கும் மழை படக் கூடாதுன்னு பிடிக்கிறாரு” என்றான் சின்னவன். பெரியவன் சிரித்தான். அதற்கடுத்த பதிவிலும் பச்சைப்புள்ளி சுவரோரத்தில், ஓடித் தப்புவதற்கான பின்வாசலுக்கு ஓர் அடி முன்னால் நின்றது. அதற்கடுத்த பதிவிலும் அப்படியே. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

“நாங்க நாலு பேரும் செத்த ஆட்டத்துலகூட நீங்க உயிரோட இருக்கீங்கண்ணே” என்றாள் மாத்திரை. “தப்புன்னு சொல்லல. எப்படின்னு கேக்குறேன்.”

“வழிகாட்டியில இருக்கறபடிதாங்க ஆடறேன்.”

“எந்த வழிகாட்டி? அனுப்புங்க.”

அனுப்பினான். அவள் படிக்கும் வரை பேச்சறையில் இடியின் மாமியார் எதையோ தேடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“தலைப்பைப் பாத்தீங்களா?”

‘குடைக்காரி: தனித்து ஆடுவோர்க்கு’ என்று தலைப்பு இருந்தது.

அணி இல்லாதவர்களும் அந்த விளையாட்டை ஆடலாம். தனியாக வரிசையில் சேர்ந்தால், கணினி முன்பின் அறியாத நால்வரோடு ஒருவரைச் சேர்த்து விடும். ஆட்டம் முடிந்ததும் அந்த ஐவரும் அவரவர் வழியே போய்விடுவார்கள். இந்த அணியில் சேர்வதற்கு முன் பல்லண்ணன் நெடுங்காலம் அப்படித்தான் ஆடினான். அந்நாளில் தேர்ந்த வழிகாட்டி அது. ‘உடன் ஆடுபவர் துணைக்கு வருவார் என்று எண்ணாதே. குடையை உனக்கென வைத்துக்கொள், மிஞ்சினால் பிறர்க்கு. வெளியேறும் வழி எது என்று முதலில் பார். பிறகு அங்கே நில். அழைப்புகள் பெரும்பாலும் பதற்றத்தில் எழுபவை. அவற்றுக்குச் செவிசாய்த்தால் இருவர் சாவார்கள்.’ ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்லியிருந்தது. எப்போது செய்யக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. எழுதியவர் திருத்தந்தோறும் அதைப் புதுப்பித்தும் வந்தார். அவனுடைய சோதனைகள் அனைத்திலும் அது தேறியது.

யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை மற்ற நால்வர் பொருட்டும் கேட்டவன் தன் பொருட்டுக் கேட்கவில்லை. மறந்தான் என்றும் சொல்வதற்கில்லை. அந்தத் தலைப்பை அவன் எத்தனையோ முறை கண்டிருக்கிறான். தன் வீட்டுக் கதவில் எழுதியிருக்கும் தன் பெயரை எவன் நின்று படிப்பான்?

“மாத்திக்கறேங்க” என்றான்.

“மாத்திக்குங்க. பட்டியல் குடுக்க இன்னும் நாள் இருக்கு” என்றாள் மாத்திரை. “சித்தியையும் வரச் சொல்லியிருக்கேன்ணே. அவங்களும் குடைக்காரி ஆடுவாங்க. பாப்போம். மறைச்சு வெச்சு செய்ய எனக்குத் தெரியாது, அதான் நேராவே சொல்லிட்டேன்.”

சித்தி என்பவள் இரட்டையரின் தாய்க்குக் கடைசித் தங்கை, இரட்டையரைவிடச் சிறிதே மூத்தவள், நீச்சல் கற்றுக்கொடுப்பவள். அவள் வந்த முதல் மாலையிலேயே பேச்சறை கல்யாண வீடாயிற்று.

“சித்தி, இடது பக்கம் பாருங்க, இடது பக்கம்!”

“டேய், என்னை அதிகாரம் பண்ணாத. உனக்கு இடுப்புத்துணி கட்டிவிட்டவ நான்.”

“உங்களுக்கே அப்ப நாலு வயசு சித்தி.”

“கட்டினது எங்க அக்கா. பக்கத்துல நின்னு சிரிச்சது நான். அதுவும் ஒரு வேலைதான்.”

இடி சிரித்த சிரிப்பில் பல்லண்ணன் ஒலியைக் குறைத்தான், பிறகு கூட்டினான். ஒரு நாள் அவன் ஆடுவது, ஒரு நாள் சித்தி ஆடுவது என்று முடிவாயிற்று. தான் ஆடாத நாளிலும் அவன் வந்து, ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். வராவிட்டால் அன்றைக்கு அவனுக்கு வேறு குரல் கிடையாது.

“சித்திக்கும் ஒரு நல்ல வழிகாட்டி பாத்துக் குடுங்கண்ணே” என்றாள் மாத்திரை, அதில் ஒரு விபரீதமும் இருப்பதாக எண்ணாமல்.

அணியாக ஆடுவோர்க்கென எழுதப்பட்ட குடைக்காரி வழிகாட்டிகளை அவன் இரண்டு மாலைகள் உட்கார்ந்து படித்தான். ஒன்று மற்றெல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது. ‘குடைக்காரி சாகலாம். குடைக்குள் இருப்பவர் சாகக் கூடாது. நீ விரித்ததும் மற்ற மூவரும் திரும்பி வந்து அடிக்க வேண்டும். குடை என்பது அவர்கள் வந்துசேரும் வரை வாங்கித் தரும் அவகாசம். வேறொன்றுமில்லை’ என்று அது தொடங்கியது. இரண்டாந்தரமான ஒன்றைச் சித்திக்குக் கொடுத்திருக்கலாம், எவருக்கும் தெரிந்திராது. ஆனால் ஒரு வழிகாட்டியைக் குறைத்து மதிப்பிடுவது அவனுக்குக் கோணலான பல்லைத் தெரிந்தே பொருத்துவதற்குச் சமம். நல்லதையே அனுப்பினான். “தெய்வமே, எவ்ளோ தெளிவா இருக்கு!” என்று அவள் பதில் அனுப்பியதைப் படித்துவிட்டு, தானும் அதையே எடுத்துக்கொண்டு பயிற்சியில் இறங்கினான்.

அறிவுக்கு எளிதாக இருந்தது கைக்கு எளிதாக இருக்கவில்லை. சண்டை மூளும் கணத்தில் விரல் தானாகவே பின்வாசலை நோக்கிப் போயிற்று. அதைப் பிடித்து முன்னே இழுக்க வேண்டியிருந்தது. பட்டறையில் மெழுகைச் செதுக்கும்போதும் அவன் மனத்துக்குள் ஆடுகளத்தின் நடுவுக்கு நடந்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தாள். வேற்றூரில் இருக்கும் அவள் ஒருத்திதான் அவனை ‘டா’ போட்டு அழைப்பவள்.

“என்னடா, குரல் கம்மியிருக்கு? உடம்பு சரியில்லையா?”

“இல்லக்கா. ஒரு போட்டி இருக்கு. அணியில எடுப்பாங்களான்னு தெரியல.”

“என்ன போட்டி? பல்லுலயா?”

“கம்ப்யூட்டர் விளையாட்டு.”

“உன் வயசுல உங்க அத்தான் முழங்காலுக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நீ விளையாடு, விளையாடு. யாராச்சும் கூட இருக்காங்கல்ல, அது போதும்.”

அவன் கேட்டான்: “அக்கா, யாராவது கூப்பிட்டா நான் வர்ற ஆளா?”

“நீயா?” அக்கா சிரித்தாள். “எங்க பாப்பா கல்யாணத்துல குடும்பத்தோட போட்டோ எடுக்க உன்னைத் தேடினா, நீ பஸ் ஸ்டாண்டுல நிக்கற. கடைசி பஸ் போயிடும்னு. மத்தியானம் ரெண்டு மணிக்குடா! அத்தான் இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.” பிறகு அவளுக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “அது கெடக்கு, விடு. சாப்பிட்டியா?”

பட்டியல் உறுதிசெய்ய வேண்டிய நாளில் மாத்திரை எல்லோரையும் கூட்டினாள்.

“அண்ணன் ஆடட்டும். சித்தி மாற்று ஆளா இருக்கட்டும். கடைசி நாலு பயிற்சியில அண்ணன் சுவரோரம் போகல. பாத்தேன்.”

“சுவருக்குத்தான் ஏக்கமா இருக்கும்” என்றான் சின்னவன்.

“நல்லா ஆடுங்கண்ணே” என்றாள் சித்தி. மனதாரச் சொன்னாள் என்பது குரலிலேயே தெரிந்தது. அவன் நன்றி சொன்னான். ஹெட்போனைக் கழற்றிய பிறகு, ஒரு காரியமும் இல்லாமல் இரண்டு அறைகளுக்குமிடையே நடந்தான். பாத்திரம் துலக்கினான். துலக்கியதையே மறுபடியும் துலக்கினான்.

ஆட்டம் சனிக்கிழமை பிற்பகலில். மூன்றில் இரண்டை வெல்பவர் மேலே செல்வார். முதல் ஆட்டத்தை எளிதாக வென்றார்கள். இரண்டாவதில் எதிரணி, ஒரு போட்டிக்கு ஒருமுறை மட்டுமே உள்ள உரிமையைப் பயன்படுத்தி, இடியின் பாத்திரத்தை எவரும் எடுக்கக் கூடாதென்று தடைசெய்துவிட்டது. அவள் பழகாத பாத்திரத்தோடு தடுமாற, தோற்றார்கள். மூன்றாவதில் அவளுடைய பாத்திரம் அவளிடம் திரும்பி வந்தது.

ஆட்டம் நீண்டது. இரு கோபுரங்களும் சிதைந்து, இன்னும் ஒரு நல்ல அடிக்கு ஒன்று சரியும் என்ற நிலையில், இடி வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் ஓடி, ஒரு குறுகிய சந்தில் எதிரிகள் மூவரிடம் அகப்பட்டுக்கொண்டாள்.

“மாட்டிக்கிட்டேன்! குடை, குடை!”

அது இரண்டு ஆண்டுகளாக அவள் கூவிவந்த கூவல். அதன்மேல் நம்பிக்கை வைத்து அவள் கூவவில்லை. அடிபட்டவர் ‘அம்மா’ என்பதுபோல் அது வாயில் வந்தது. “பின்னால போங்க, கோபுரத்துக்கு!” என்றாள் மாத்திரை. இரட்டையரின் புள்ளிகள் அவள் சொல்லி முடிக்கும் முன்பே திரும்பிவிட்டன.

பச்சைப்புள்ளி மட்டும் முன்னே போயிற்று.

விரல் பின்வாசலைத் தேடவில்லை. அவன் சந்துக்குள் நுழைந்து, இடியின் பக்கத்தில் நின்று, குடையை விரித்தான். எதிரிகள் மூவரின் அடிகளும் குடைமேல் விழுந்து ஒளிப்பொறிகளாகச் சிதறின. அவள் காயம் ஆறத் தொடங்கியது.

“அண்ணே!” என்றாள் இடி.

முதல் மூச்சு. மூன்று எதிரிகளும் அந்தச் சந்தில் முதுகைக் காட்டி நின்றார்கள். பின்னாலிருந்து மூவர் வந்து அடித்தால் போதும், ஆட்டம் முடிந்தது. வழிகாட்டி அதற்கென்றே எழுதிய இடம் அது. இரண்டாம் மூச்சு. “திரும்பு, திரும்பு, அவர் உள்ள போயிட்டாரு!” என்று மாத்திரை கத்தினாள். இரட்டையர் திரும்பினார்கள், ஆனால் அவர்கள் கோபுரத்தின் காலடிவரை போய்விட்டிருந்தார்கள். மூன்றாம் மூச்சு. குடை மூடிக்கொண்டது.

கிழவியும் இடியின் வாள்காரியும் ஒன்றாக விழுந்தார்கள். ஐவர் மூவராகிவிட்ட அணியால் கோபுரத்தைக் காக்க முடியவில்லை. திரையில் தோல்வி என்று எழுத்து வந்தபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

“நல்லா இருந்துச்சுண்ணே உள்ள” என்றாள் இடி. “முதல் தடவையா மழையில நனையாம செத்தேன்.”

எவரும் பழி சொல்லவில்லை. பெரியவன் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்றான். சின்னவன், அது தன் முறை என்றான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவன் வேலையை ஒருவன் கேட்டுச் சண்டையிட்டபடி இருவரும் போனார்கள். இடியும் போனாள். மாத்திரை மட்டும் இருந்தாள்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“சொல்லுங்க தலைவி.”

“பதிவை மறுபடியும் பாத்தேன். நீங்க செஞ்சதுல தப்பே இல்ல. நாங்க திரும்பியிருந்தா ஜெயிச்சிருப்போம்.”

“ம்.”

“ஏன் திரும்பலன்னு யோசிச்சேன். இடி கத்தினா அவ செத்துட்டான்னு அர்த்தம், நாம பின்னால போகணும். ரெண்டு வருஷமா அப்படித்தானே ஆடியிருக்கோம்? நான் யாருக்கும் சொல்லிக்குடுக்கல. தானா பழகிட்டோம். குடை வராதுன்னு வெச்சுக்கிட்டு நாலு பேரா ஆடக் கத்துக்கிட்டோம்.”

“நான் இப்ப மாத்திக்கிட்டேன்ல.”

“நீங்க மாத்திக்கிட்டீங்க. நாங்க நாலு பேரு மாறணும். உங்க பச்சைப்புள்ளியைப் பாத்தாலே எங்க கை பின்னால போகுதுண்ணே. அடுத்த தகுதிச்சுற்று சீக்கிரமே வருது. அதுக்குள்ள அது போகாது.”

“சித்தியைப் பாத்தா?”

“சித்தியைப் பத்தி எங்க கைக்கு ஒண்ணும் தெரியாது. அதுதான் நல்லது இப்போதைக்கு.”

அவன் அவள் சொன்னதில் பிழை தேடினான், கிடைத்திருந்தால் சொல்லியிருப்பான். இது தேதியிட்டு, காரணம் சொல்லி, வரம்பும் சொல்லிய தீர்ப்பாக இருந்தது.

“சரியாத்தாங்க சொல்றீங்க.”

“கோவமா?”

“இல்லைங்க.”

“பேச்சறைக்கு எப்ப வேணும்னாலும் வாங்க. எங்களுக்கு வழிகாட்டி பாத்துக் குடுக்க உங்களை விட்டா யாரு? நிஜமாத்தான் சொல்றேன்.”

“வர்றேங்க.”

மறுவாரம் ஒருநாள் போனான். ஐவரும் பயிற்சியில் இருந்தார்கள். சித்தி எதற்கோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், சிரிப்பொலி. அவன் வந்ததும், “அண்ணே வாங்க வாங்க!” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், அப்படி ஒரே நேரத்தில் சொல்வது விருந்தாளிக்கு. சற்று நேரம் இருந்துவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். அவர்கள் ஆட்டத்தின் நடுவே இருந்தபடியால், அவன் போனதை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த மாலை வேலை முடிந்து வந்து, கைகழுவி, நாற்காலியில் அமர்ந்தான். பயிற்சி நேரம். விரல்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. சிறிது நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டுத் தனியாக வரிசையில் சேர்ந்தான். கணினி அவனை அறிமுகமற்ற நால்வரோடு சேர்த்துவிட்டது. ஒருவரும் ஒலிவாங்கியைத் திறக்கவில்லை. ஒருவர் எடுத்த எடுப்பிலேயே மற்றொருவரை முட்டாள் என்று எழுதினார். அவன் குடைக்காரியை எடுத்தான்.

நால்வரில் ஒருவர் புதியவர், நடையே காட்டிக்கொடுத்தது. அம்பு எய்யும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எய்வதை மறந்து ஓடுவார். ஓடுவதை மறந்து நிற்பார். ஆட்டம் பாதியில் இருக்கையில் அவர் எதிரியின் பக்கத்துப் பாறைகளுக்கிடையே வழிதவறிப்போய் இருவரிடம் சிக்கினார். உதவி கேட்கும் மணியோசை ஒருமுறை, மறுமுறை, பிறகு விடாமல் ஒலித்தது. மற்ற மூவரின் புள்ளிகளும் அசையவில்லை.

போவதில் ஒரு பயனும் இல்லை. அது அவனுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரிந்திருக்காது. திரும்பி வந்து அடிக்க மூவர் வேண்டும், மூவரும் வரப்போவதில்லை. அவன் போனான். பாறைகளைச் சுற்றிக்கொண்டு போய், புதியவரின் பக்கத்தில் நின்று குடையை விரித்தான். அடிகள் மேலே விழுந்து சிதறின. மணியோசை சட்டென்று நின்றது. மூன்று மூச்சுக்குப் பிறகு இருவரும் விழுந்தார்கள்.

விழுந்த பாத்திரங்கள் மறுபடி உயிர்த்தெழக் காத்திருக்கும் நேரத்தில் திரையின் மூலையில் எழுத்துகள் தோன்றின.

“ஏங்க வந்தீங்க? நீங்களும் சேந்து செத்துட்டீங்களே.”

“கூப்பிட்டீங்களே” என்று அவன் எழுதினான்.

எதிர்முனையில் ஏதோ எழுதி அழிப்பது தெரிந்தது. மறுபடி எழுதி, மறுபடி அழித்தார்.

“அது சும்மா அழுத்தறதுங்க. யாராவது வருவாங்கன்னு நினைச்சு அழுத்தல.”

அவன் விரல்கள் விசைகளின்மேல் இருந்தன. கீழ்த்தளத்தில் யாரோ கதவைச் சாத்தினார்கள். எழுத என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிழவி கோபுரத்தின் காலடியில் உயிர்பெற்று எழுந்தாள். பக்கத்தில் புதியவரின் பாத்திரமும் எழுந்து, போகாமல் நின்றுகொண்டிருந்தது.

“வாங்க” என்று எழுதிவிட்டு அவன் முன்னே நடந்தான். சற்றுத் தொலைவு போனபின் திரும்பிப் பார்த்தான். அந்தப் பாத்திரம் தயங்கித் தயங்கி, வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவன் அந்தப் பக்கமாகத் திரும்பினான்.